கஞ்சாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய கதை

2025 பிப்ரவரியில் பத்து நாள் தொடர்ந்து ஒரு கஞ்சாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். காலையில் ஒரு மக், சாயங்காலம் ஒரு மக். ஒரு நாள் மதிய வெயிலில் லேசாக வாடினாற்போல் தெரிந்தது என்று, பாவப்பட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு நகர்த்திக்கூட வைத்தேன். இதைச் செய்தது ஒரு வங்கி அதிகாரி. வயது 46. படித்தது பி.காம். இதுவரை செய்த பெரிய சட்டமீறல், ஹெல்மெட் போடாமல் பால் வாங்கப் போனது. சிரிக்க நினைப்பவர்கள் இங்கேயே சிரித்துவிடுங்கள். கீழே போகப் போக அவ்வளவாகச் சிரிப்பு வராது.

நடந்தது இதுதான். திருவனந்தபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மேலே, மொட்டை மாடியில், ஒற்றை ரூம் போர்ஷன் ஒன்று உண்டு. கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கும் பையன் ஒருவன் அதில் இருக்கிறான். நம்ம ஊர்ப் பையன், சேலம் பக்கம். அவன் அப்பாவும் நானும் காலேஜில் ஒரே பெஞ்ச். "டேய், பையன் அங்க தனியா இருக்கான், ஒரு கண்ணு வெச்சுக்கடா" என்று என்னிடம்தான் ஒப்படைத்தான். வீட்டுக்காரரிடம் "நல்ல பையன், நான் பொறுப்பு" என்று சொல்லி, வாடகை ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனும் நானே. (கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஜாமீன் கையெழுத்துப் போட வருகிறவர்களிடம் "நல்லா யோசிச்சுப் போடுங்க சார்" என்று தினமும் சொல்கிற வாய் இது.)

கேரளாவில் மொட்டை மாடி என்றாலே க்ரோ பேக்தான். கிருஷிபவனில் பையும் நாற்றும் வாங்கி, வீட்டுக்கு வீடு வெண்டையும் பச்சை மிளகாயும் வைத்திருப்பார்கள். நம்ம பையனும் வரிசையாகப் பதினைந்து பை வைத்திருந்தான். தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல் எல்லாம். எனக்கு ரொம்பப் பெருமை. ஐ.டி. பையன், சனிக்கிழமை ஆனால் ஊர் சுற்றாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறானே என்று. அவன் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும்போது, "அங்கிள், செடிக்கு மட்டும் தண்ணி ஊத்திடுங்க, வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்றான். ஊற்றினேன். எனக்கு பிராஞ்சில் லேட் ஆன மூன்று நாள் என் மூத்த பெண் ஊற்றினாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவள். இந்த மூன்று நாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையின் கடைசியில் ஒரு செடி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. விரல் விரித்த மாதிரி இலை. மரவள்ளி என்று நினைத்தேன். சேலத்துக்காரன், ஜவ்வரிசி ஊரில் பிறந்தவன், மரவள்ளியை அடையாளம் தெரியாமல் போய்விட்டது பாருங்கள். மரவள்ளி இலைக்கு ஓரம் வழவழப்பாக இருக்கும். இதற்கு ரம்பப் பல் மாதிரி வெட்டு வெட்டாக இருந்தது. கேரளாக் கப்பா ஒருவேளை இப்படித்தான் இருக்குமோ என்று விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் வீட்டுக்காரர் டேங்க் பார்க்க மேலே வந்தார். ரிட்டயர் ஆன ஸ்கூல் வாத்தியார். திருவனந்தபுரத்தில் வாத்தியாரும் ஸார், பேங்க்காரனும் ஸார். அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'ஸாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவர் அந்தச் செடி முன்னால் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டார். அக்கம்பக்கத்து மாடிகளை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு ரகசியக் குரலில் கேட்டார்:

"ஸாரே... இது மற்றவனல்லே?"

'மற்றவன்' யார் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. புரிந்தபோது என் கையில் மக் இருந்தது.

நிற்க.

கஞ்சா நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த எனக்கு ஆசையில்லை. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. 'ஒரே ஒரு செடிதானே' என்ற வார்த்தை நம்ம சட்டத்தில் கிடையாது. அது தப்பு, மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் மாற்றும் வரைக்கும், வேற்றூரில் வாடகை வீட்டில் இருக்கிற குடும்பத்தின் தலையில் அது எப்படி விடியும் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நான் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க அதுதான் வேலை.

போதைப்பொருள் சட்டம், அதாவது என்.டி.பி.எஸ். சட்டம், 1985ல் வந்தது. அதில் 'கஞ்சா' என்றால் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி. அந்த நுனி கூட இல்லாத வெறும் இலையும் விதையும் 'கஞ்சா' கணக்கில் வராது. வடக்கே சில மாநிலங்களில் பாங்கு கடை லைசென்ஸோடு நடப்பது இந்தச் சந்தில்தான். பையன்களுக்கு இந்த வரி மட்டும் நன்றாக மனப்பாடம். "இலைதானே அங்கிள், இலை லீகல்" என்பார்கள். அதற்கு அடுத்த வரியைப் படிப்பதில்லை. 'கஞ்சாச் செடி' என்பதற்குத் தனியாக ஒரு விளக்கம் இருக்கிறது: அந்தப் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும். அவ்வளவுதான். எத்தனை அடி, பூத்ததா பூக்கவில்லையா, ஆணா பெண்ணா, தொட்டியிலா தோட்டத்திலா, ஒன்றா ஆயிரமா, ஒரு கேள்வியும் இல்லை.

இப்போது தண்டனையைப் பாருங்கள். பேங்க்காரன் என்பதால் எனக்கு எதுவும் ஸ்லாப் ஸ்லாபாகப் பிரிந்தால்தான் புரியும். ஒருவர் கையில் காய்ந்த கஞ்சா ஒரு கிலோ வரை இருந்தால் அது 'சிறிய அளவு'. அதிகபட்சம் ஒரு வருடம் சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (2014 திருத்தத்துக்கு முன்னால் அது ஆறு மாதம்.) ஒரு கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குள் என்றால் பத்து வருடம் வரை. அதற்கு மேலே 'வணிக அளவு': குறைந்தது பத்து வருடம், இருபது வரை போகும், ஜாமீனும் லேசில் கிடைக்காது. இதுவரைக்கும் சரி, வருமான வரி மாதிரி ஸ்லாப் இருக்கிறது.

செடி வளர்ப்பதற்கு ஸ்லாபே இல்லை. இருபதாவது பிரிவின் முதல் உட்பிரிவு, எந்தக் கஞ்சாச் செடியைப் பயிரிட்டாலும் பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. மலையில் ஒரு ஏக்கர் போட்டவனும் மாடியில் ஒரு பை வைத்தவனும் ஒரே வரியில் நிற்கிறார்கள். குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று இல்லை, நீதிபதி பார்த்துக் குறைக்கலாம், அது வேறு. ஆனால் குற்றப்பத்திரிகையில் எழுதும் பிரிவு அதேதான். இன்னொரு வேடிக்கை. தெருமுனையில் கடத்தல்காரனிடம் 900 கிராம் வாங்கி வைத்திருப்பவனுக்கு உச்சம் ஒரு வருடம். கடத்தல்காரன் முகத்தையே பார்க்காமல் தொட்டியில் ஒன்று வளர்த்தவனுக்கு உச்சம் பத்து வருடம். எந்தப் பக்கம் போ என்று சட்டம் சொல்கிறது? இதை எழுதியவர்கள் மனதில் இருந்தது மலைத்தோட்டம்தான் என்று நினைக்கிறேன். க்ரோ பேக் அவர்கள் கனவில்கூட வந்திருக்காது.

மலைத்தோட்டம் என்றதும் கேரளாவில் எல்லோர் வாயிலும் இடுக்கிதான் வரும். ஒரு காலத்தில் இடுக்கி மலைக்காட்டுக்குள் நிஜமாகவே தோட்டம் தோட்டமாக விளைந்தது. எக்சைஸும் போலீஸும் வருஷக்கணக்கில் ஏறி ஏறி வெட்டி எரித்தார்கள். இன்று கேரளாவுக்கு வருகிற சரக்கில் பெரும்பகுதி ஆந்திரா–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வருவது. ஆனால் பெயர் மட்டும் சாகவில்லை. 2013ல் ஆஷிக் அபு 'இடுக்கி கோல்டு' என்றே ஒரு படம் எடுத்தார். பள்ளிக்கூட சிநேகிதர்கள் நடுவயதில் ஒன்றுகூடிப் பழைய ருசியைத் தேடிப் போகிற கதை. படம் ஜாலியாகத்தான் இருக்கும். நானும் ரசித்துத்தான் பார்த்தேன். நம்ம பையன் பார்த்தபோது வயது பன்னிரண்டு இருக்கும். அவன் அதை வேறு மாதிரிப் பார்த்திருக்கிறான்.

அவன் வந்ததும் மேலே போய்க் கேட்டேன். கோபத்தைவிட பயம்தான் எனக்கு அதிகம். அவன் பயப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "அங்கிள், நான் யாருக்கும் விக்கல. வெளிய போய் வாங்கினாத்தான் தப்பான ஆளுங்க சகவாசம் வரும். இது என் சொந்த யூஸ். கனடாவுல வீட்டுக்கு நாலு செடி வெச்சுக்கலாம் தெரியுமா?" என்றான். அப்புறம் உற்சாகமாக விவரம் வேறு. இது இடுக்கி விதையாம். சிநேகிதன் ஒருவன் பாங்காக்கிலிருந்து வேறு ஒரு ஜாதி கொண்டுவந்து தருகிறேன் என்றிருக்கிறானாம். இரண்டையும் கலந்து புதுசாக ஒன்று உருவாக்கணுமாம். சேலத்தில் அவன் தாத்தா இரண்டு மாமரத்தை ஒட்டுக்கட்டிவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். முகத்தில் அதே பெருமை. அந்தத் தோட்டத்தில் விளையாடியவன் நான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இந்தக் கலப்பு விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம்ம தலைமுறை பெற்றோர் இதில்தான் ஏமாறுகிறோம். கஞ்சா என்றால் நமக்கு ஞாபகம் வருவது கோயில் மண்டபத்துச் சாமியார், சிலும்பி, சிவந்த கண். "அந்தக் காலத்துல இருந்ததுதானே" என்கிறோம். அந்தக் காலத்துச் செடி வேறு, இப்போதையது வேறு. மயக்கம் தருகிற டி.எச்.சி. என்ற பொருளைக் கூட்டுவதற்கென்றே ஐம்பது வருஷமாக உலகம் முழுக்கக் கலப்பினம் செய்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவைச் சோதித்துப் பார்த்ததில், 1995ல் சராசரி டி.எச்.சி. சுமார் 4 சதவீதம், 2014ல் சுமார் 12 சதவீதம். மூன்று மடங்கு. 1990களில் ஆம்ஸ்டர்டாமில் புகழ்பெற்ற 'ஒயிட் விடோ' என்ற கலப்பினத்துக்குக் கேரளாச் செடிதான் ஒரு பெற்றோர் என்று அந்த வட்டாரத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். இங்கிருந்து போனது, வீரியம் ஏற்றிக்கொண்டு இப்போது 'ஹைப்ரிட் கஞ்சாவு' என்ற பெயரில் பாங்காக் விமானத்தில் திரும்பி வருகிறது. நெடும்பாசேரியில் கஸ்டம்ஸ் பிடித்தது என்று 2024, 2025ல் மலையாளப் பேப்பரில் அடிக்கடி பார்த்தோம்.

வீரியம் கூடினால் என்ன? 2019ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் ஐரோப்பிய நகரங்களில் செய்த பெரிய ஆய்வு ஒன்று வந்தது. டி.எச்.சி. 10 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளதைத் தினமும் எடுப்பவர்களுக்கு, எடுக்கவே எடுக்காதவர்களைவிட மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் இருபது இருபத்தைந்து வயதுதான் இந்த நோய்கள் தலைகாட்டும் வயது. தனியாக, வேற்றூரில், நைட் ஷிஃப்டில், பேச ஆளில்லாமல் இருக்கிற வயதும் அதேதான். "இயற்கையானது அங்கிள், கெமிக்கலே இல்ல" என்றான் பையன். எட்டிக்காயும் இயற்கைதான் என்றேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

இப்போது வீட்டு விஷயம். அன்றைக்கு ராத்திரி சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்தேன். அதில் 46வது பிரிவு, தன் நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சாச் செடி வளர்ந்தால் நிலத்துக்காரர் உடனே போலீசுக்கோ எக்சைஸுக்கோ சொல்ல வேண்டும், தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அவருக்கே தண்டனை என்கிறது. 25வது பிரிவு, வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ தெரிந்தே தன் இடத்தை இந்தக் குற்றத்துக்கு விட்டால், குற்றம் செய்தவனுக்கு உண்டான அதே தண்டனை என்கிறது. 54வது பிரிவு, ஒருவர் பயிரிட்ட நிலத்தில் கஞ்சாச் செடி இருந்து, அவர் திருப்தியாக விளக்கம் தராவிட்டால், அவர் குற்றம் செய்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அதாவது சாதாரணக் குற்ற வழக்கில் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும், இங்கே நாம் விளக்க வேண்டும்.

காலையும் மாலையும் மக்கோடு நின்றவன் என்ன விளக்குவான்? "மரவள்ளி என்று நினைத்தேன் யுவர் ஆனர்" என்றா? எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்துகிற சேச்சிக்கு என்னைத்தான் தெரியும், பையனை அவ்வளவாகத் தெரியாது. அந்த மூன்று நாள் அவர் பார்த்தது என் பெண்ணை. 'தெரிந்தே' என்ற ஒரு வார்த்தைதான் எங்களுக்குத் துணை. அதுவும் பத்தாம் நாள் சாயங்காலத்தோடு தீர்ந்துபோனது. அதற்கப்புறம் எனக்கும் தெரியும், வீட்டுக்கார ஸாருக்கும் தெரியும்.

சிறைக்குப் போவது கடைசிப் பேச்சு. அதற்கு எத்தனையோ படி முன்னாலேயே வாழ்க்கை போய்விடும். மத்திய அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் சஸ்பெண்ட் ஆனதாகவே விதி கருதும். எங்கள் துறையில், ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவரை வங்கி வேலையில் வைத்திருக்கவே கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் பத்தாவது பிரிவு சொல்கிறது. பையனுக்கு பாஸ்போர்ட், போலீஸ் வெரிஃபிகேஷன், விசா விண்ணப்பத்தில் 'கைதாகியிருக்கிறீர்களா' என்கிற கட்டம். அவன் கனவே கனடாதான். கனடாவுக்குப் போகிற வழியை கனடாச் சட்டத்தைக் காட்டியே அடைத்துக்கொள்ளப் பார்த்தான்.

இரண்டு மாதம் கழித்து, 2025 ஏப்ரலில், பேப்பரில் செய்தி. இதே திருவனந்தபுரத்தில், வாடகை வீட்டு மொட்டை மாடியில் கஞ்சாச் செடி வளர்த்ததாக வெளிமாநிலத்திலிருந்து வந்து வேலை பார்த்த மத்திய அரசு ஊழியர் ஒருவரை எக்சைஸ் கைது செய்தது. அவர் செய்தாரா இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். நான் பார்த்தது வேறு. அதே ஊர், அதே மாதிரி மாடி, அதே மாதிரி வெளியூர்க்காரர். டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, காசு கொடுக்காமலேயே நடந்து வந்துவிட்டேன். அடுத்த நாள் போய்க் கொடுத்தேன்.

வெளிநாட்டிலிருந்து படிக்கிற நம்ம மக்களுக்கும் இது தூரத்து விஷயமில்லை. நம்ம பிள்ளைகள் ஒரு நாட்டுச் சட்டத்தை இன்னொரு நாட்டுக்கு சிம் கார்டு மாதிரி எடுத்துக்கொண்டு போகிறார்கள். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நாலு செடி, உண்மைதான். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்தவருக்கு மூன்று செடி. தாய்லாந்து 2022 ஜூனில் அவிழ்த்துவிட்டது, 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் பூ வாங்கலாம் என்று மறுபடியும் கட்டிப்போட்டது. அமெரிக்காவில் மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டப்படி வளர்ப்பது குற்றம். குடியுரிமை கேட்பவர் மாநிலச் சட்டப்படி நடந்திருந்தாலும் கஞ்சா விஷயத்தால் 'நன்னடத்தை' அடிபடலாம் என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. கிரீன் கார்டு, ஹெச்-1 குடும்பங்கள் இதை நிதானமாக இரண்டு தடவை படிக்கவும்.

சிங்கப்பூரைச் சொல்லவே வேண்டாம். அங்கே குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் புகைத்துவிட்டு வந்தாலும் குற்றம். 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரல் 26 அன்று சாங்கி சிறையில் தங்கராஜு சுப்பையா தூக்கிலிடப்பட்டார். நம்மவர், 46 வயது. சுமார் ஒரு கிலோ கஞ்சா கடத்தலுக்கு உடந்தை என்பது வழக்கு. சரக்கு அவர் கையில் பிடிபடவில்லை, தொலைபேசி எண்ணை வைத்துத் தொடர்புபடுத்தினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் காலேஜ் வாட்ஸப் குரூப்பில் யாரும் குட்மார்னிங்கூடப் போடவில்லை. அது எனக்கு நியாயமாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை. ஆனால் என் நியாயம் சாங்கியில் செல்லாது.

நியாயம் என்று பேச்செடுத்ததால் சொல்லிவிடுகிறேன். "நம்ம மண்ணின் செடியை வெள்ளைக்காரன் தடை செய்துவிட்டான்" என்று பையன் ஒரு போடு போட்டான். பாதி உண்மை. வெள்ளைக்காரனே 1893–94ல் இந்தியக் கஞ்சா ஆணையம் என்று ஒன்று போட்டு, ஆயிரத்துக்கு மேல் சாட்சிகளை விசாரித்து, முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றுதான் முடிவு சொன்னான். 1961ல் வந்த ஐ.நா. ஒப்பந்தம்தான் மருந்துக்கு அல்லாத கஞ்சாப் பழக்கத்தை 25 வருடத்துக்குள் நிறுத்தச் சொன்னது. அந்தக் கெடு நெருங்கிய நேரத்தில்தான் 1985 சட்டம் வந்தது. 2020 டிசம்பரில் அந்த ஐ.நா. அட்டவணையிலேயே மிகக் கடுமையான பிரிவிலிருந்து கஞ்சாவை எடுக்க ஓட்டெடுப்பு நடந்தபோது, இந்தியா எடுக்கலாம் என்று ஓட்டுப் போட்டது. நாருக்கும் விதைக்கும் அரசு அனுமதியோடு வளர்க்கச் சட்டத்தில் 14வது பிரிவு இடம் தருகிறது. உத்தராகண்ட் 2018ல் அப்படி லைசென்ஸ் கொடுத்தது, டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆக, செடியைப் பற்றி அரசாங்கமே இரண்டு மனதாக இருக்கிறது. தொட்டிச் செடிக்காரன் விஷயத்தில் மட்டும் 1985லேயே நிற்கிறது.

என்னைக் கேட்டால், காய்ந்த கஞ்சாவுக்கு எடை ஸ்லாப் வைத்த மாதிரி செடிக்கும் எண்ணிக்கை ஸ்லாப் வைக்க வேண்டும். இரண்டு மூன்று செடி, விற்ற தடயம் இல்லை என்றால் 'சிறிய அளவு' போலப் பாவித்து, அபராதமும் கட்டாய கவுன்சிலிங்கும் போதும். அனுமதி கொடு என்று நான் கேட்கவில்லை. இளம் வயதுக்காரர்கள் அதிவீரிய ரகத்தை வீட்டில் கலந்து விளைவிப்பதை எந்த அப்பனும் விரும்ப மாட்டான். தண்டனை தப்பின் உயரத்துக்கு இருக்கட்டும் என்கிறேன். கடுமையாக இருந்தால்தான் பயம் இருக்கும் என்று வீட்டுக்கார ஸார் வாதாடினார். பயம் இருந்தது ஸாரே, எனக்கும் உங்களுக்கும். வளர்த்தவனுக்கு இல்லை. அவன் அந்தப் பிரிவைப் படித்ததே நான் காட்டிய பிறகுதான்.

அன்று ராத்திரி மேலே மூன்று பேர் உட்கார்ந்தோம். நான், பையன், வீட்டுக்கார ஸார். அவர் நினைத்திருந்தால் ஒரு போனில் முடித்திருக்கலாம். சட்டப்படி அதுதான் அவர் செய்ய வேண்டியது, அதை நான் மறைக்கவில்லை. அவர் சர்வீஸ் முழுக்க ஒன்பதாம் கிளாஸ் பையன்களைப் பார்த்தவர். பையனிடம் ஒரே கேள்விதான் கேட்டார், மலையாளத்தில்: "மோனே, இது இல்லாம உறங்கான் பற்றுந்துண்டோ?" இது இல்லாமல் தூக்கம் வருகிறதா என்று. சட்டம், கனடா, இடுக்கி எல்லாம் பேசின பையன் அதற்குப் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தான். ஒரு வருஷமாகச் சரியாகத் தூங்கவில்லையாம். பத்து மாதத்தில் இரண்டு புராஜெக்ட் கைமாறி, மூன்றாவதில் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்களாம். வீட்டில் தெரியாது. எனக்கும் தெரியாது, ஒரு மாடிப்படி தூரத்தில் இருந்தும். மண்ணைக் கிளறுகிறான் என்று பெருமைப்பட்டதோடு சரி.

செடி அன்றைக்கு ராத்திரியே போனது. எப்படிப் போனது என்று இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்த வாரம் நானே கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். கேரளாவில் எக்சைஸ் துறையின் 'விமுக்தி' திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே சிகிச்சை மையம் உண்டு. எந்த மாநிலத்திலிருந்தும் 14446 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுப் பேசலாம். இன்னொன்று, இதே கடுமையான சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், உபயோகித்ததற்கும் சிறிய அளவு சம்பந்தப்பட்டதற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. செடி வளர்த்ததற்கு அது பொருந்தாது, அங்கேயும் செடிக்குச் சலுகை இல்லை. ஆனால் பிள்ளை வைத்திருக்கிற எல்லோரும் அந்தப் பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நம்ம ஆட்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்வதில்லை. குடும்ப மானம் என்று மூடி மூடி வைத்துக் கடைசியில் எக்சைஸ் ஜீப் வந்துதான் கதவைத் திறக்கும்.

அப்படிச் சொல்கிற நானும் ஒன்றை மூடித்தான் வைத்திருக்கிறேன். அவன் அப்பாவிடம் இதுவரை சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே பஸ் ஏறி வந்து, பையனை வேலையை விடச்சொல்லி, ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவான். எனக்கு அவனை முப்பது வருஷமாகத் தெரியும். பையன் "நானே சொல்றேன் அங்கிள், கொஞ்சம் டைம் குடுங்க" என்று கேட்டான். கொடுத்தேன். சரியா தப்பா என்று தெரியவில்லை. என் மனைவி தப்பு என்கிறாள். "நம்ம பொண்ணு விஷயத்துல உன் ஃப்ரெண்டு இப்படி மறைச்சா நீ சும்மா இருப்பியா?" என்று கேட்டாள். இருக்க மாட்டேன்.

மாடியில் பதினாலு பை இப்போது இருக்கிறது. சாயங்காலம் நானும் மேலே போய்விடுகிறேன், அவனுக்குத் தெரியாத மாதிரி இலையெல்லாம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். அவனுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். முந்தாநாள் அவன் அப்பா போன் செய்தான். "பையன் அனுப்பின போட்டோ பாத்தேன்டா, பாகக்கா பிரமாதமா காய்ச்சிருக்கு. எங்கப்பா கை அப்படியே வந்திருக்கு" என்றான். ஆமாம்டா, நல்லாக் காய்க்குது என்றேன்.